தேவாலய ஏட்டில் நம் பூட்டன் பெயர்

"நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. இவ்விரண்டோடு குடும்பமூலத்தையும் நம்மவர் சேர்த்துக்கொண்டனர் போலும்! ஒருவரிடம் அவருடைய பேரனாரின் பெயரைக் கேட்டால் உடனே சொல்வார். பேரனாரின் தந்தையார் பெயரைக் கேட்டால் சற்றே நின்று யோசித்துச் சொல்வார். அதற்கு மேலும் வினவினால், "நாங்கள் ஆதியிலிருந்தே இந்த ஊர்தான்" என்னும் விடையோடு பேச்சு முடிந்துவிடும். பிதிர்க்கடன் செய்யும்போது ஐயர் கேட்கும் மூன்று தலைமுறைப் பெயர்களே பலருடைய குலவரலாற்றின் எல்லையாக உள்ளன.

அந்த எல்லைக்கு அப்பாலும் செல்வதற்கு இந்நாட்டிலே ஒரு வழி உண்டு. ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயப் பதிவேடுகளே அவ்வழி. "தேவாலய ஏடு கிறித்தவக் குடும்பங்களுக்கன்றோ உதவும்? சைவக் குடும்பத்தவருக்கு அதனோடு யாது தொடர்பு?" என்று வாசகர் வினவக்கூடும். அத்தொடர்பு நாம் எண்ணுவதிலும் மிக நெருங்கியது.

நல்லூரில் ஒரு டொன் யுவான்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை அறியாத தமிழர் இலர். பழைய ஆலயத்தைப் போர்த்துக்கீசர் 1621 இல் இடித்தனர். இப்போதுள்ள ஆலயம் ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1734 இல் எழுந்தது என்பர். அதனை எடுப்பித்தவர் ஒல்லாந்தருடைய கச்சேரியிற் சிறாப்பராகக் கடமை புரிந்த இரகுநாத மாப்பாண முதலியார். அவருடைய பெயருக்கு முன்னே நிற்கும் அடைமொழி யாது தெரியுமா? "டொன் யுவான்" என்பதே. முருகனுக்குக் கோயில் அமைத்தவர், ஞானஸ்நானப் பெயர் ஒன்றையும் தாங்கி வாழ்ந்தார்!

இது தனியொருவர் கதையன்று. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்து 1707 இல் முடித்தபோது, அது சரியானதென ஒப்புக்கொண்டு கைச்சாத்திட்டவர்கள் 12 முதலிமார். அவர்களுடைய பெயர்களைப் பார்த்தால் டொன் பிலிப், டொன் அந்தோனி, டொன் யுவான் என்றே தொடங்கும். அவற்றின் பின்னே சந்திரசேகர, அருளம்பலம் முதலான தமிழ்ப் பெயர்கள் வரும். "டொன்" என்பது போர்த்துக்கீசர் காலத்துக் கௌரவப் பட்டம். அடுத்து நிற்பது தேவாலயம் இட்ட பெயர். இறுதியில் நிற்பதே தாயும் தகப்பனும் இட்ட பெயர். ஒரு மனிதர் மூன்று காலங்களைத் தம் பெயரிலே சுமந்தார் எனலாம்.

ஏன் பெயர் கொடுத்தனர்?

போர்த்துக்கீசர் 1619 இல் யாழ்ப்பாண அரசை வென்று, ஊர்களைக் கோயிற்பற்றுகளாகப் பிரித்துத் தேவாலயங்கள் கட்டினர். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியதும், அக்கோயில்களைத் தம்முடைய சீர்திருத்தச் சபைக்கு மாற்றிக்கொண்டனர். பல்தேயுஸ் என்னும் குருவானவர் 1658 முதல் 1665 வரை இங்கே பணியாற்றினார். தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி, வட்டுக்கோட்டை முதலிய ஊர்களின் தேவாலயங்களைப் பற்றி அவர் எழுதியவை 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாக வெளிவந்தன.

ஒவ்வொரு கோயிற்பற்றிலும் தேவாலயத்தோடு ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது. அக்காலச் சட்டத்தின் கடுமை அப்பள்ளிக்கூடத்தின் வழியாகவே வீடு தோறும் புகுந்தது. ஞானஸ்நானம் பெறாதவருடைய விவாகம் பதியப்படாது. பதியப்படாத விவாகத்திற் பிறந்த பிள்ளையின் உரிமைக்கு உறுதிப்பாடில்லை. முதலியார், உடையார் முதலிய பதவிகளும் அவ்வாறே. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. மணமக்களாக வந்து நிற்போர் கிறித்தவ மந்திரங்களை ஒப்புவித்த பின்னரே விவாகத்துக்கு அனுமதி பெற்றனர்.

போர்த்துக்கீச அதிகாரிக்கு உணவாகப் பசுவைக் கொடுக்க மனமில்லாத திருநெல்வேலி ஞானப்பிரகாசர், இரவோடிரவாக ஊரை விட்டுச் சிதம்பரம் சென்றார் என்பது செவிவழிச் செய்தி. அவர் துறவி, சென்றார். காணியும் மாடும் குமர்ப்பிள்ளைகளும் உள்ள குடும்பத்தினர் அனைவரும் கடல் கடந்து போதல் இயலுமோ? அவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலே பெயரைப் பதிந்தனர்; வீட்டுக்கு வந்து திருநீறு பூசினர். கத்தோலிக்கரின் நிலையும் இத்தகையதே. அவர்களுடைய குருமார் தடை செய்யப்பட்டிருந்தமையால், யோசேப் வாஸ் அடிகளார் 1687 இல் மாறுவேடத்தில் வந்து மறைவாகவே பணி செய்தார். 2015 இல் கொழும்பிலே புனிதராக உயர்த்தப்பட்டவர் இவரே. அவருடைய மந்தையைச் சேர்ந்தவர்களும் சட்டத்திற்காகச் சீர்திருத்தச் சபையின் ஏட்டிலே பெயர் எழுதுவித்தனர்.

ஆகவே, அவ்வேடு இன்னார் இன்ன சமயத்தை நம்பினார் என்பதற்குச் சான்றன்று. இன்னார் வாழ்ந்தார், இன்னாரை மணந்தார், இன்னாரைப் பெற்றார் என்பதற்கே சான்று. இதனை மனத்திற் கொள்ளாது அவ்வேட்டைத் திறப்பவர் வீணே பெருமைப்படுவர், அல்லது வீணே நாணுவர்.

ஆசிரியர் எழுதிய தோம்பு

இவ்வேடுகளைப் "பள்ளித் தோம்பு" என்பர். தோம்பு என்பது போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்த சொல். பதிவேடு என்பது பொருள். காணிகளையும் அவற்றின் உரிமையாளரையும் பதிந்த காணித் தோம்பு வேறு. மக்களைப் பதிந்த பள்ளித் தோம்பு வேறு.

பள்ளித் தோம்பை எழுதியவர் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர். இன்றைய ஆசிரியர் வரவு இடாப்பு ஒன்றை எழுதுவதற்கே சலித்துக்கொள்கிறார். அன்றைய ஆசிரியரோ பிள்ளைகளுக்கு எழுத்தும் உபதேசமும் கற்பித்தார். குருவானவர் வராத ஞாயிறுகளிலே தேவாலயத்தில் பிரசங்கத்தை வாசித்தார். விவாக அறிவித்தல் சொன்னார். ஊரவரின் ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றையெல்லாம் குடும்பம் குடும்பமாகப் பதிந்தும் வைத்தார். பள்ளிகளை மேற்பார்வை செய்வதற்கென யாழ்ப்பாணம், கொழும்பு, காலி ஆகிய இடங்களிலே சபைகள் இருந்தன. அவற்றின் பரிசோதகர் ஊர்கள் தோறும் வந்து பிள்ளைகளைப் பரீட்சித்ததோடு தோம்பையும் பார்வையிட்டனர்.

எஞ்சிய பள்ளித் தோம்புகள் பலவும் காணித் தோம்புகளும் கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களத்திற் காக்கப்படுகின்றன. ஒல்லாந்த அரசின் இந்நாட்டுச் சுவடிகளுக்கு யூரியான்சே என்பவர் தயாரித்த விவரப்பட்டியல் 1943 இல் அச்சேறிற்று. ஒல்லாந்தக் கொம்பனியின் ஆவணங்கள், இலங்கையிலுள்ளவை உட்பட, 2003 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

ஏட்டைப் படிக்கும் முறை

குலமுறை தேடுவோர் எடுத்த எடுப்பிலே தோம்பைத் திறத்தல் தகாது. நிகழ்காலத்திலிருந்து படிப்படியாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். முதலில் வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு எழுதுதல். அடுத்து, பெட்டியிலே கிடக்கும் சீதன உறுதி, நன்கொடை உறுதி ஆகியவற்றைப் பார்த்தல். காணியின் எல்லையைக் குறிக்குமிடத்திலே அயலாரின் பெயரும், உரிமை வந்த வழியைக் கூறுமிடத்திலே இரண்டு மூன்று தலைமுறையின் பெயரும் வரும். அதன் பின்னர் அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவு. இது 1867 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடெங்கும் கட்டாயமாயிற்று. அதற்கு முற்பட்ட காலத்துக்கே தேவாலய ஏடு இன்றியமையாதது.

ஞானஸ்நானப் பதிவு ஒன்றிலே பொதுவாக நான்கு செய்திகள் காணப்படும்: நாள், பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், சாட்சிகளின் பெயர். இவற்றுள் பலரும் கவனியாது விடுவது சாட்சிகளையே. சாட்சியாக நின்றோர் பெரும்பாலும் தாய்மாமன், மாமி, பெரியதந்தை முதலிய உறவினராவர். ஒரே பெயருடைய இருவர் ஓரூரில் இருந்தால், எவர் நம்மவர் என்பதைத் தந்தையின் பெயரைக் காட்டிலும் சாட்சிகளின் பெயரே தெளிவாகக் காட்டும்.

நாளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அது ஞானஸ்நான நாள், பிறந்த நாளன்று. கோட்டையிலுள்ள ஒல்லாந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பிறந்த சில நாட்களிலே ஞானஸ்நானம் நடந்திருக்கலாம். கிராமத்தின் நிலை வேறு. குருமார் மிகச் சிலரே; அவர்கள் ஊர்களுக்குச் சுற்றுப்பயணமாக வந்தபோதே ஞானஸ்நானம் நடந்தது. ஆகையால் மூத்ததும் இளையதுமான பிள்ளைகள் ஒரே நாளிற் பதியப்பட்டிருப்பர். இதனை அறியாதார் அவர்களை இரட்டைப் பிள்ளைகள் என்று எழுதிவிடுவர்!

பெயர்களின் எழுத்தும் ஏமாற்றும். ஒல்லாந்த எழுதுவினைஞர் தம் செவிக்குக் கேட்டவாறு எழுதினார். சந்திரசேகர என்பது "சந்திரசெக்ர" என நிற்கும். ஊர்ப்பெயர்கள் அடையாளமே தெரியாதபடி மாறியிருக்கும். எழுத்தைக் கண்ணாற் பார்த்து மயங்காமல், வாய்விட்டு வாசித்துச் செவியாற் கேட்டல் வேண்டும்.

ஒல்லாந்த மொழி தெரியாதே என்று அஞ்சவும் வேண்டுவதில்லை. அம்மொழிச் சொற்கள் சில நம் பேச்சிலேயே குடியிருக்கின்றன. கந்தோர், நொத்தாரிசு, பிஸ்கால், துட்டு ஆகியவை ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. பதிவேட்டில் திரும்பத் திரும்ப வருவன சொற்ப வார்த்தைகளே: "டோப்" என்பது ஞானஸ்நானம், "ட்ரௌ" என்பது விவாகம், "வேடுவ" என்பது விதவை, "வேஸ்" என்பது அநாதைப் பிள்ளை, "ஸ்லாஃப்" என்பது அடிமை. இத்தகைய இருபது முப்பது சொற்களை அறிந்த மாணவர் ஒருவர் பொறுமையோடு அமர்ந்தால் ஒரு பக்கத்தை வாசித்துவிடலாம்.

பறங்கியர் வமிசாவளி

இந்நாட்டிலே தேவாலய ஏட்டைக் கொண்டு குலமுறையை ஒழுங்காக எழுதியவர்கள் பறங்கிச் சமூகத்தினர். 1908 இல் அவர்கள் நிறுவிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தனது சஞ்சிகையிலே குடும்பம் குடும்பமாக வமிசாவளிகளை வெளியிட்டது. அச்சங்கத்தை நிறுவுவதில் முன்னின்ற ஆர். ஜி. அந்தோனிஸ், அரசாங்கத்தின் முதற் சுவடிக்காப்பாளராகவும் விளங்கியவர். கொழும்பிலே 1749 இல் கட்டத் தொடங்கி 1757 இல் அர்ப்பணிக்கப்பட்ட உல்வெந்தால் தேவாலயமும் அதன் ஏடுகளும் கல்லறைகளும் இம்முயற்சிக்குப் பேருதவி புரிந்தன. கல்லறை வாசகங்களை 1877 இல் லுடொவிசியும், 1913 இல் லூயிசும் நூல்களாகத் தொகுத்திருந்தனர்.

இவ்வமிசாவளிகள் வெளிப்படுத்திய உண்மை சுவையானது. "ஒல்லாந்தர்" எனப்பட்ட குடும்ப முதல்வர் பலர் ஒல்லாந்தரே அல்லர். ஜெர்மனியர், பிரெஞ்சுக்காரர், சுவீடன் தேசத்தவர் முதலானோர். வறுமையினால் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து கொம்பனியின் கப்பலிலே சிப்பாயாகவும் மாலுமியாகவும் ஏறியவர்கள். அவர்களைக் கப்பல் வரை பின்தொடரவும் இயலும். ஹேக் நகரிலுள்ள ஒல்லாந்து தேசிய சுவடிகள் காப்பகத்திலே கொம்பனியின் சம்பளப் பேரேடுகள் உள்ளன. பெயர், பிறந்த ஊர், கப்பல், புறப்பட்ட நாள், சேவை முடிந்த விதம் ஆகியவை அவற்றிற் குறிக்கப்பட்டுள்ளன. 18ஆம் நூற்றாண்டுக்குரிய ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இன்று கணினியிலே தேடிப்பார்க்கத்தக்க வகையில் அமைக்கப்பட்டுள்ளன.

ஆயினும் ஒரு குறை உண்டு. சங்கத்தின் அங்கத்துவம் தந்தைவழியையே கணக்கிட்டது. வமிசாவளியும் அவ்வழியே சென்றது. கப்பலில் வந்த சிப்பாய் தனியே வந்தான். அவன் மணந்த பெண் பெரும்பாலும் இந்நாட்டிலே பிறந்தவள். போர்த்துக்கீச வழியினளாகவோ சிங்களத்தியாகவோ தமிழிச்சியாகவோ இருந்திருப்பாள். வமிசாவளியிலே தந்தைக்கு ஒரு பத்தி. தாய்க்கு ஒரு பெயர் மட்டும். ஆனால் மூல ஏட்டைத் திறந்தால் அத்தாயும் அங்கே நிற்கின்றாள். அவளுடைய உறவினரும் சாட்சிகளாக நிற்கின்றனர். ஆகவேதான் அச்சிட்ட வமிசாவளியோடு நின்றுவிடலாகாது என்கிறோம்.

தந்தை பெயர் இல்லாதவர்கள்

தோம்புகளிலும் தேவாலய ஏடுகளிலும் மிகக் குறுகிய பதிவுகளும் உண்டு. அங்கே தந்தை பெயர் இராது, பட்டம் இராது, ஒற்றைப் பெயரும் அதனோடு ஓர் இடப்பெயரும் இருக்கும்: "மலபாரின் இன்னாள்", "வங்காளத்தின் இன்னான்" என்றவாறு. மலபார் என்னும் சொல்லால் ஒல்லாந்தர் தமிழரையும் குறித்தனர். இவ்வாறு பதியப்பட்டோர் அடிமைகள். அவர்கள் எங்கிருந்து கொண்டுவரப்பட்டனர் என்பதே அவர்களுக்குக் குடும்பப் பெயராயிற்று. அவர்களுடைய வரலாறு எசமானின் பெயரோடு சேர்ந்தே ஏட்டில் ஏறும். எசமானின் பெயரோடு மறைந்தும் போகும். யாழ்ப்பாணத்து உறுதிகளிலும் காணியோடும் மாட்டோடும் மனிதர் கைமாறிய காலம் அது. இந்நாட்டிலே அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844 இல்தான்.

முதலிமாரின் வழிவந்தோர் தம் முன்னோரைத் தேடுதல் எளிது. அடிமையாக எழுதப்பட்டவரின் வழிவந்தோர் தேடுதல் மிக அரிது. ஆயினும் அந்த ஒற்றைப் பெயரும் எழுதப்படாதிருந்தால் அவர்கள் வாழ்ந்ததற்கே அடையாளம் இல்லாது போயிருக்கும். தன் குலப்பெருமையைத் தேடி ஏட்டைத் திறப்பவர், அதே பக்கத்தில் தன் குடும்பத்தின் கீழ் எழுதப்பட்ட இவர்களுடைய பெயரையும் வாசிக்க நேரும். அதனைப் படியெடுக்காமல் விடுவது நேர்மையாகாது. அவர்களுடைய உழைப்பும் அக்குடும்பத்தின் வரலாறேயாம்.

அமெரிக்க மிஷனும் இந்துக் கல்லூரியும்

1795 இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கட்டாயம் தளர்ந்ததும் தேவாலயங்கள் வெறுமையாயின, சைவாலயங்கள் பெருகின. ஆயின் 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தபின், வேறுவகையான பெயர்கள் ஏட்டில் ஏறின. அமெரிக்காவிலிருந்து பணம் உதவிய தர்மவான்களின் பெயர்கள் மிஷன் பள்ளிகளிற் பயின்ற பிள்ளைகளுக்கு இடப்பட்டன. இதனால் சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை, வில்லியம் நெவின்ஸ் ஆனார். இத்தகைய பெயரைக் கொண்டு எவரேனும் அமெரிக்காவிலே தம் பூட்டனைத் தேடினால் வேடிக்கையாகும்!

அந்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1887 இல் யாழ்ப்பாணத்திலே ஓர் ஆங்கிலப் பள்ளியை ஆரம்பித்தார். அதனைச் சைவ பரிபாலன சபை 1890 இல் ஏற்று நடத்தலாயிற்று. அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் அதிபர்களுள் ஒருவராக விளங்கிய நெவின்ஸ் செல்வத்துரை, மிஷன் ஏட்டிலே பிறந்த அப்பெயரைத் தம் பெயரின் முன்னே தாங்கியிருந்தார். சமயங்களுக்கிடையே உயர்ந்த மதில்களைக் கட்டிக்கொள்வோர் இவ்வரலாற்றைச் சற்றே சிந்திப்பார்களாக.

இப்போது செய்யவேண்டியது

ஏடுகள் என்றும் நிலைப்பன அல்ல. கறையானும் ஈரமும் தின்றவை பல. 1706 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையினுள்ளே எழுப்பிய சிலுவை வடிவான தேவாலயம், உள்நாட்டுப் போரிலே கற்குவியலாயிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்த சுவடிகளை மீட்க வழியில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, கையிலெடுத்த பையோடு புறப்பட்டபோது உறுதிப் பெட்டியை வீட்டிலேயே விட்டுச் சென்றன. காகிதம் அழிந்த குடும்பத்திலே முதியோரின் ஞாபகம் ஒன்றே மிச்சம். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றது.

வேறு வகையான அழிவும் உண்டு. பூட்டன் பெயருக்கு முன்னே "டொன்" என்றிருப்பதைக் கண்டு வெட்கி, பழைய உறுதியை அடுப்பில் இட்டவர்கள் உள்ளனர். பூட்டியின் ஊரை அல்லது குலத்தைக் கண்டு அதனை மறைத்தவர்களும் உள்ளனர். கறையான் அறியாது செய்வதை இவர்கள் அறிந்தே செய்கின்றனர். அந்தப் பூட்டன் தன் பெயரை மாற்றி எழுதுவித்ததனாலேயே காணி நிலைத்தது. பிள்ளைகளின் உரிமை நிலைத்தது. அப்பிள்ளைகளின் வழியிலே நாம் வந்தோம். அவருக்கு நாம் கடன்பட்டவர்களேயன்றி அவரை மறைக்கும் உரிமை உடையவர்களல்லோம்.

மாணவர்கள் இவ்விடுமுறையிலே ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு பேரனார், பேர்த்தியார் அருகில் அமர்வார்களாக. தந்தைவழி, தாய்வழி என இரு பக்கங்களாக எழுதுக. பெயர், ஊர், மணஞ்செய்த இடம், அடக்கமான இடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுக. பெண்களின் பெயரைத் தவறாது எழுதுக. "இன்னார் மனைவி" என்று எழுதி நிறுத்தற்க. வீட்டில் வேலை செய்து வாழ்ந்தோரின் பெயரையும் கேட்டு எழுதுக. சீதன உறுதி இருந்தால் படியெடுத்துக் கொப்பியோடு சேர்த்து வைக்குக. கிறித்தவ உறவினர் இருப்பின் அவர்களுடைய வேதாகமத்தின் முதற் பக்கத்தைக் காட்டும்படி கேட்குக. குடும்பத்துப் பிறப்பு இறப்புகளை அங்கே குறித்து வைப்பது அவர்கள் வழக்கம். இவ்வளவும் செய்தபின் சுவடிகள் திணைக்களத்தின் வாசகசாலைக்குச் சென்றால், எந்த ஊர்த் தோம்பை, எந்த ஆண்டுக்குரியதைக் கேட்கவேண்டும் என்பது தெரிந்திருக்கும். வெறுங்கையோடு செல்பவருக்கு அது தெரியாது.